ஜன்னலில் மாட்டிய கண்ணாடி ஏன் தட்டையாகத் தெரிகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஸ்டெயின்டு கிளாஸ், அதாவது வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைத்துப் படம் செய்யும் கலை, அடிப்படை பழகியாகிவிட்டது, கண்ணாடி வெட்டவும், துண்டுகளின் ஓரத்தில் காப்பர் ஃபாயில் (மெல்லிய செம்புப் பட்டை) சுற்றி சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்) வைத்து இணைக்கவும் தெரியும், ஆனால் செய்கிற பேனல் எல்லாம் கோட்டோவியத்துக்கு வண்ணம் அடித்ததுபோலத் தட்டையாக இருக்கிறது. வெளிச்சமும் வடிவமும் சேர்ந்து விளையாட வேண்டும், பார்ப்பவர் நகர்ந்தால் பேனலும் மாற வேண்டும். அதற்கு என்ன வழி, கண்ணாடியை உருக்கும் சூளை கட்டாயமா?

சூளை கட்டாயம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சூளை வாங்க முடியவில்லை என்பதற்காகவே பலர் இந்த ஆசையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பேனல் தட்டையாகப் போவதற்குக் காரணம் வேறு. பெரும்பாலும் நாம் காகிதத்தில் வரைந்து, நிறம் குறித்து, அப்புறம் அந்த நிறத்துக்கேற்ற கண்ணாடியைத் தேடுகிறோம். வெளிச்சம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி பேனலை மாட்டுகிற அன்றைக்குத்தான் எழுகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் என் பதிலின் சாரம். முதலில் வெளிச்சம், அடுத்து பார்ப்பவர் நிற்கும் இடம், பிறகு கண்ணாடி வகை, கடைசியாகக் கோடு.

வெளிச்சம் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் நேர் வெயில், மேகம் மூடிய வானம், விளக்கு மூன்றும் கண்ணாடிக்கு மூன்று வேறு விஷயங்கள். வானத்தின் பரவலான வெளிச்சம் கண்ணாடியை ஒளிர வைக்கும், ஆனால் தரையில் எதையும் வரையாது. நேர் வெயில்தான் நிறத்தைத் தரையிலும் சுவரிலும் கொண்டுபோய்ப் போடும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சூரியன் ஒரு புள்ளி இல்லை. நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் கண்ணாடியிலிருந்து 1 மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கலங்கிப்போகும். 3 மீட்டரில் அது கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர். துண்டுகளை இணைக்கும் 6 மில்லிமீட்டர் அகல ஈயப்பட்டையின் நிழல் 65 சென்டிமீட்டர் தாண்டினாலே முழுக் கறுப்பை இழந்துவிடும்.

ஆக, தரையில் விழும் வடிவத்துக்காகவே ஒரு பேனல் செய்கிறீர்கள் என்றால் துண்டுகள் உள்ளங்கை அளவாவது இருக்கட்டும், பக்கத்துப் பக்கத்து நிறங்கள் நன்றாக விலகி நிற்கட்டும். நுணுக்கமான கோடுகள் கண்ணாடியை நேரே பார்ப்பவருக்கு மட்டும்தான். சுவரில் கூர்மையான வடிவம் விழ வேண்டும் என்றால் டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பும் மூடி) இல்லாத சிறிய ஒற்றை எல்இடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி பிறக்கும் இடம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு கூர்மையாக ஓரம் விழும்.

விளக்கின் நிறத்தையும் நம்பிவிடக் கூடாது. மலிவான எல்இடிகளில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. பகலில் கனன்ற சிவப்புக் கண்ணாடி இரவில் செங்கல் நிறமாகச் சாம்பிப்போவது அதனால்தான். நியோடிமியம் கலந்த கண்ணாடி பகலில் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாக இருக்கும், டியூப் லைட்டின் கீழ் நீலத்துக்குப் போய்விடும். இதைக் குறையாக நினைக்காதீர்கள். பகலுக்கு ஒரு முகம், இரவுக்கு ஒரு முகம் என்று திட்டமிட இதைவிட எளிய பொருள் இல்லை. எந்தக் கண்ணாடியை வாங்குவதற்கு முன்னும் அது கடைசியில் நிற்கப்போகும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

இனி கண்ணாடி. ஊடுருவிப் பார்க்கக்கூடிய தெளிந்த வண்ணக் கண்ணாடிக்கும், பால் கலந்தது போன்ற ஓபலெசன்ட் கண்ணாடிக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். தெளிந்த கண்ணாடி ஒளியை நேராக விடும்: வெயில் இருந்தால் தரையில் நிறம் கொட்டும், ஆனால் பின்னால் இருண்ட மரமோ சுவரோ இருந்தால் அதுவும் இருண்டு போகும். ஓபலெசன்ட் ஒளியைத் தனக்குள் சிதறடிக்கும்: பின்னால் என்ன இருந்தாலும் தானே மினுங்கும், தரையில் நிறம் எதுவும் விழாது. முழு பேனலையும் ஒரே வகையில் செய்தால் தட்டையாவது இயல்பு. நான் பார்த்தவரை, பெரும்பகுதி ஓபலெசன்டாக இருந்து, நடுநடுவே சில துண்டுகள் மட்டும் தெளிந்த கண்ணாடியாக இருந்தால் அந்தத் துண்டுகள் திறந்த கதவுபோல ஆழம் காட்டும். பார்ப்பவர் நகரும்போது அவற்றின் வழியே பின்னாலுள்ள காட்சி நகரும், மற்றவை அசையாமல் நிற்கும். ஒரு ரூபாய்க்கும் கூடுதல் செலவில்லாமல் பேனலுக்கு அசைவு வந்துவிடும்.

இன்னொரு சிறு விஷயம், பலர் கவனிப்பதில்லை. வெளிறிய கண்ணாடிக்கு நடுவே ஓடும் கறுப்புக் கோடு கண்ணுக்கு மெலிந்து தெரியும், அடர்ந்த கண்ணாடிக்கு நடுவே அதே கோடு தடித்துத் தெரியும். பிரகாசம் கண்ணுக்குள் வழிந்து கோட்டைத் தின்றுவிடுகிறது. ஆகவே எல்லாக் கோடுகளும் ஒரே அகலமாகத் தோன்ற வேண்டும் என்றால், வெளிர் பகுதியில் ஃபாயிலைச் சற்று அகலமாக எடுக்க வேண்டும்.

ஒரே நிறத்தில் ஆழம் கொண்டுவர முடியுமா என்றால், முடியும், அது தடிமனில் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் கண்ணாடி பாதி வெளிச்சத்தை விடுகிறது என்று வையுங்கள். 6 மில்லிமீட்டர் அதில் பாதியை, அதாவது கால் பங்கை விடும். 9 மில்லிமீட்டர் எட்டில் ஒரு பங்கு. கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. செக் நாட்டுக் கலைத் தம்பதி ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி, யாரோஸ்லாவா ப்ரிக்டோவா இருவரும் வார்ப்புக் கண்ணாடியில் பல ஆண்டுகள் செய்தது இதைத்தான். ஒரே நிறக் கண்ணாடி. மெல்லிய இடம் கனன்று ஒளிரும், தடித்த இடம் இருளில் மூழ்கும். உள்ளே குடைந்த வெற்றிடம்தான் படம். கோடே இல்லாமல் ஒளியாலேயே வரைவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நம் அளவில் செய்ய ஒரு வழி: வெளிர்நிறத் தகடுகளை ஒன்று, இரண்டு, மூன்று அடுக்காக வைத்து, படிப்படியாகச் சிறிதாகும் வடிவத்தில் வெட்டி, ஒரே சட்டத்துக்குள் நிறுத்துங்கள். வெளிர்நிறமாக இருப்பது முக்கியம். அடர்நிறம் மூன்று அடுக்கில் கறுத்துவிடும்.

சரி, நகர்ந்தால் மாறுவது பற்றி. எனக்கு மிகவும் பிடித்த வழி இரண்டு அடுக்குக் கோடுகள். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சூளை வேண்டாம், வண்ணக் கண்ணாடிகூட வேண்டாம், ஆனால் கிடைக்கும் விளைவு பெரியது.

3 மில்லிமீட்டர் தெளிந்த கண்ணாடி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முன் கண்ணாடியில் 5 மில்லிமீட்டருக்கு ஒரு செங்குத்துக் கோடு. பாதி மறைப்பு, பாதி வெளி. அதாவது கோடு 2.5, இடைவெளி 2.5. பின் கண்ணாடியில் அதே மாதிரி, ஆனால் 5.5 மில்லிமீட்டருக்கு ஒன்று. கோடுகளை வினைல் ஒட்டியோ, கண்ணாடிப் பெயின்டிலோ, மணல் வீச்சிலோ (காற்றழுத்தத்தில் மணலை வீசி மங்கலாக்குவது) செய்யலாம். இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்தாற்போல் வைத்தால் 5.5 சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய நிழல் பட்டைகள் தோன்றும். இந்தப் பட்டைகளை யாரும் வரையவில்லை. இரண்டு கோட்டு வரிசைகளும் ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி வெளிச்சத்தை விடுகின்றன, இன்னோரிடத்தில் ஒன்றின் இடைவெளியை மற்றொன்று அடைத்துவிடுகிறது. மோரே வடிவம் என்பது இதுதான். கணக்கு எளிது: இரண்டு இடைவெளிகளையும் பெருக்கி, அவற்றின் வித்தியாசத்தால் வகுத்தால் பட்டையின் அகலம். 5 பெருக்கல் 5.5, வகுத்தல் 0.5, விடை 55.

இப்போது இரண்டுக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். 2 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். பின் கண்ணாடி சற்றுத் தொலைவில் இருப்பதால் அதன் கோடுகள் கொஞ்சம் நெருங்கித் தெரியும், பட்டை 6 சென்டிமீட்டர் தாண்டி விரியும். அப்புறம் பக்கவாட்டில் அரை மீட்டருக்கும் குறைவாக நகருங்கள்: ஒரு பட்டை முழுக்க அடுத்த பட்டையின் இடத்துக்குப் போய்விடும். ஓர் அடி எடுத்து வைத்தால் பேனல் முழுதும் அலை ஓடுகிறது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. இடைவெளியைக் கூட்டினால் அலை வேகமாகும், குறைத்தால் நிதானமாகும். வரவேற்பறை மாதிரி ஆட்கள் நடந்துகொண்டே இருக்கும் இடத்தில் 10 அல்லது 15 மில்லிமீட்டர் போதும். 40 வைத்தால் கண் கூசும்.

இரண்டிலும் ஒரே 5 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தாலும் பட்டை வரும். தொலைவு வித்தியாசத்தால் மட்டும் பிறக்கும் அந்தப் பட்டை, 2 மீட்டரிலிருந்து பார்த்தால் சுமார் 40 சென்டிமீட்டர் அகலம். பெரிதாக, நீங்கள் நகரும் அளவுக்கே உங்களோடு சேர்ந்து நகரும். கோடுகளை நேராகவே வைத்து ஒரு கண்ணாடியை மட்டும் 3 டிகிரி திருப்பினால், ஒட்டிவைத்த நிலையில் பட்டைகள் கிட்டத்தட்ட கிடைமட்டமாகி சுமார் 9.5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வரும். கோடுகளை வளைத்தால் பட்டைகளும் வளையும், ஆனால் நீங்கள் வளைத்ததைவிடப் பல மடங்கு பெரிதாக. பின் கண்ணாடியின் கோடுகளில் நடுவே ஒரே ஒரு மில்லிமீட்டர் மேடு வைத்தால் முன்னால் ஒரு மலையே எழும். அதனால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்; கோடுகளைக் கையால் போடாமல் அச்சடித்த அல்லது இயந்திரத்தில் வெட்டிய வினைலைப் பயன்படுத்துவதுதான் நல்லது. கண்ணாடி வெட்டுவதற்கு முன் இரண்டு டிரான்ஸ்பரன்சி தாள்களில் அச்செடுத்து ஜன்னலில் பிடித்துப் பாருங்கள். ஒரு மாலைக்குள் எது வேலை செய்யும், எது செய்யாது என்று தெரிந்துவிடும்.

முன் அடுக்குக்குக் கோடுகளுக்குப் பதில் ரீடட் கண்ணாடியையும், அதாவது வரிவரியாக மேடு ஓடும் கண்ணாடியையும், வைக்கலாம். அதன் ஒவ்வொரு வரியும் ஒரு சிறு லென்ஸ். பின்னால் வண்ணத் துண்டுகளின் நேர்த்தியான கட்டம் இருந்தால், ரீடட் கண்ணாடி அதை நறுக்கி நறுக்கி வேறிடத்தில் வைக்கும். நகரும்போது நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். ஹேமர்டு (சுத்தியால் தட்டியதுபோன்ற பரப்பு), ரிப்பிள் (அலையலையான பரப்பு) வகைகள் பின்னால் இருப்பதைக் கரைத்துவிடும், அதே சமயம் வெயிலில் சுவரில் ஒளி வலைகளைப் போடும். நீர்த்தொட்டியின் அடியில் நெளியுமே, அதே வலை. மேற்பரப்பின் மேடுகள் ஒளியை ஓரிடத்தில் குவிப்பதால் வருவது அது, எனவே வலையின் கூர்மை கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. சட்டத்தைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தி, வலை கூர்மையாகும் தூரத்தைக் கண்டுபிடித்து, அந்தத் தூரத்தில் மாட்டுங்கள்.

டைக்ரோயிக் கண்ணாடியைப் பற்றி நிச்சயம் ஆசை வரும். வெற்றிடத்தில் மிக மெல்லிய உலோக ஆக்சைடு அடுக்குகள் படியவைத்த கண்ணாடி அது. ஒரு நிறத்தை ஊடுருவ விடும், அதன் எதிர் நிறத்தைப் பிரதிபலிக்கும். சாய்த்தால் இரண்டும் மாறும். இரண்டு முகம் காட்டும் கண்ணாடி என்ற எண்ணம் மட்டும் மிகப் பழையது: பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள ரோமானியரின் லைகர்கஸ் கோப்பை 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சை, உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பு. கண்ணாடிக்குள் கலந்திருக்கும் பொன், வெள்ளி நுண்துகள்கள் செய்கிற வேலை. இன்றைய டைக்ரோயிக் வேறு தொழில்நுட்பம், ஆனால் அதே மகிழ்ச்சி. என் ஒரே வேண்டுகோள், குறைவாகப் பயன்படுத்துங்கள். முழுப் பரப்பும் டைக்ரோயிக்காக இருந்தால் கண் எதிலும் நிற்காது. நூறு துண்டில் ஐந்து இருந்தால் அந்த ஐந்தைத் தேடியே பார்ப்பவர் நடப்பார். இன்னொரு பயன், இரவில் தெரியும். அறைக்குள் விளக்கு எரிய, வெளியே இருட்டாக இருந்தால் சாதாரண வண்ணக் கண்ணாடி உள்ளிருந்து பார்ப்பவருக்குக் கறுத்துக் கிடக்கும். பிரதிபலிக்கும் டைக்ரோயிக்கும், வானவில் பளபளப்புப் பூச்சுள்ள இரிடைஸ்டு கண்ணாடியும் அப்போதுதான் விழித்துக்கொள்ளும்.

வடிவத்துக்கு வருவோம். கண்ணாடிக்கு எல்லா வடிவமும் ஒத்துவராது. உள்நோக்கிய கூர்மூலையைச் சாதாரணக் கட்டரால் வெட்டவே முடியாது, விரிசல் மூலையிலிருந்து ஓடிவிடும். அதனால் சில குவிந்த வடிவங்களைத் திரும்பத் திரும்ப வைத்துக் கட்டும் அமைப்புகள் கண்ணாடிக்கென்றே பிறந்தவை போலப் பொருந்தும். பாரசீக, மத்திய ஆசியக் கட்டடங்களில் காணும் கிரிஹ் என்ற நட்சத்திரக் கோட்டு வடிவங்களைப் பாருங்கள். பத்துகோணம், ஐங்கோணம், நீண்ட அறுகோணம், போ டை வடிவம், சாய்சதுரம் என ஐந்தே ஓடுகள். எல்லாப் பக்கங்களும் ஒரே நீளம், எல்லாக் கோணங்களும் 36 டிகிரியின் மடங்குகள். போ டையில் மட்டும் இடுப்பில் உள்மூலை வரும், அதை இரண்டு துண்டாக வெட்டிச் சேர்த்துவிடலாம். ஐந்து வார்ப்புருக்களை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய பரப்பையும் நிரப்பலாம்.

ஆனால் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு இணைப்பிலும் அரை மில்லிமீட்டர் கூடினால் 20 துண்டு வரிசையில் 1 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். மையத்தைச் சுற்றி 36 டிகிரித் துண்டுகள் பத்து வைக்கும்போது ஒவ்வொன்றிலும் 1 டிகிரி குறைந்தால் கடைசியில் 10 டிகிரிக்கு வாய் பிளந்து நிற்கும். வார்ப்புருவை ஃபாயிலின் தடிமனுக்கும் சால்டர் ஓடும் இடத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் சிறிதாக வெட்டுங்கள். எல்லாத் துண்டுகளையும் ஒரே தடுப்புக்கட்டையை வைத்து வெட்டுங்கள். நிறத்தை மட்டும் ஒழுங்குக்குள் அடைக்காதீர்கள். வடிவம் கறாராக இருக்கும்போது நிறம் அதன் மேல் சுதந்திரமாக, மேகம் போவதுபோல, ஒரு பக்கம் வெளிறி ஒரு பக்கம் அடர்ந்து நகர்ந்தால்தான் உயிர் வரும்.

சூளை இருந்தால் என்னென்ன கூடும்? தகட்டின் அகலத்தை ஆழமாக மாற்றலாம். 3 மில்லிமீட்டர் தகட்டை 1 சென்டிமீட்டர் அகலப் பட்டிகளாக வெட்டி, படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, சுற்றிலும் அணை கட்டி உருக்கினால், முன்பு 3 மில்லிமீட்டர் கண்ணாடியைக் கடந்த ஒளி இப்போது 1 சென்டிமீட்டரைக் கடக்கும். வெளிர்நிறங்கள் திடீரென்று ஆழங்காணும். அந்தக் கட்டியை நீர் ரம்பத்தில் குறுக்காக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி உருக்கினால் நெசவு போன்ற வடிவம். உலையில் கண்ணாடி ஊதும் கலையில் இதன் உச்சம், இத்தாலியின் கண்ணாடித் தீவான முரானோவின் ரெட்டிச்செல்லோ. கோடுகள் ஒரு பக்கம் முறுக்கிய குமிழுக்குள் எதிர்ப்பக்கம் முறுக்கிய இன்னொரு குமிழை ஊதி நுழைப்பார்கள். கோடுகள் வலையாகக் குறுக்கிட, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு காற்றுக்குமிழ் சிறைப்பட்டு நிற்கும். வீட்டில் முயல வேண்டியது இல்லை, ஆனால் இரண்டு அடுக்கு எதிரெதிர் கோடுகள் என்ற எண்ணம் அங்கேயும் அதேதான் என்பதைக் கவனியுங்கள்.

உருக்குவதென்றால் இரண்டு விதிகளில் சமரசம் கூடாது. ஒன்று, வெப்பத்தில் விரியும் அளவு ஒத்த கண்ணாடிகளை மட்டுமே சேர்க்க வேண்டும். 90 என்றும் 96 என்றும் குறித்து விற்கப்படுபவை ஒன்றோடொன்று சேராது. ஜன்னல் கண்ணாடி இரண்டோடும் சேராது. உருகும்போது அழகாக ஒட்டிவிட்டு, ஆறியபின் விரிசல் விடும். இரண்டாவது, நிதானமாக ஆறவிடுவது. தடிமன் இரட்டித்தால் ஆறவிடும் வேகத்தைக் கிட்டத்தட்ட கால் பங்காகக் குறைக்க வேண்டும். 90 வகைக் கண்ணாடிக்கு நடைமுறையிலுள்ள அட்டவணையில் 12 மில்லிமீட்டருக்கு முதல் கட்டம் மணிக்கு 55 டிகிரி செல்சியஸ் என்றால், 25 மில்லிமீட்டருக்கு 15 டிகிரிதான். கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிட்டதா என்று பார்க்க இரண்டு போலரைசர் தாள்களை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) குறுக்காக, இருட்டாகும்படி வைத்து நடுவே துண்டைப் பிடியுங்கள். இறுக்கம் இருக்கும் இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். அப்படி வெளுத்துத் தெரியும் துண்டைப் பேனலில் சேர்க்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு பத்தியாவது சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடியைத் தேய்ப்பது எப்போதும் நீரோடுதான். காய்ந்த கண்ணாடித் தூளையும் சூளைத்தட்டில் பூசும் பொடியையும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். நுரையீரலில் படியும் சிலிக்கா திரும்ப வெளியே வராது. ஈயம் கலந்த சால்டர் வைக்கும் மேசையில் சாப்பாடு, தேநீர் எதுவும் வேண்டாம், ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) புகைக்கு ஜன்னல் திறந்திருக்கட்டும், வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மேற்பரப்பை மங்கலாக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தை வீட்டில் தொடவே தொடாதீர்கள்.

மாட்டுவது கடைசி வேலை என்றாலும் வரையும்போதே யோசிக்க வேண்டியது. 3 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 7.5 கிலோ, இரண்டு அடுக்குப் பேனல் 15 கிலோ, சட்டம் தனி. அந்த எடையை ஃபாயிலின் ஓரத்தில் ஒட்டிய வளையம் தாங்காது, உரிந்து வந்துவிடும். சுற்றிலும் உலோகச் சட்டம் போட்டு, பேனலுக்குள்ளிருந்து வரும் சால்டர் கோடு சட்டத்தைத் தொடும் இடங்களில் கொக்கி வையுங்கள். இரண்டு அடுக்குப் பேனலில் உட்புறத் தூசியைத் துடைக்க ஒரு கண்ணாடியைக் கழற்ற முடிய வேண்டும், அதனால் பின் கண்ணாடியை ஒட்டாமல் திருகுக் கிளிப்பில் நிறுத்துங்கள். அந்தக் கிளிப்புக்கு அடியில் வெவ்வேறு தடிமன் வாஷர்களைப் போட்டுப் பார்த்து இடைவெளியையும் அங்கேயே, மாட்டிய இடத்திலேயே, சரிசெய்துகொள்ளலாம். குவிந்த தடித்த வார்ப்புத் துண்டு ஏதாவது இருந்தால் நேர் வெயில் படும் நேரத்தில் ஒருமுறை பக்கத்தில் நின்று, ஒளி குவியும் புள்ளி திரைச்சீலை மேலோ மரச்சாமான் மேலோ விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்தத் துண்டின் பின்பக்கத்தை மணல் வீச்சால் மங்கலாக்குங்கள், அல்லது பேனலை வேறு ஜன்னலுக்கு மாற்றுங்கள்.